லயத்துக்கு விலாசம் இல்லை

தங்கச்சி இரண்டு மாதமாக ஒரு கடிதத்துக்குக் காத்திருக்கிறாள். இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கம், தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடான எங்கள் லயத்திலிருந்தே சமையல் வீடியோ போட்டு முதல் காசு சம்பாதித்தாள். அந்தக் காசு கைக்கு வர, வெளிநாட்டு நிறுவனம் தபாலில் அனுப்பும் ரகசிய எண் வேண்டும். எங்களுக்கு வீட்டு இலக்கமும் இல்லை, தெருப் பெயரும் இல்லை. முழுத் தோட்டத்துக்கும் ஆபீஸ்தான் விலாசம். அங்கே ஒரே பெயரில் எத்தனையோ பேர். கடிதம் தோட்டத்தின் எந்தப் பிரிவுக்கு, எந்த டிவிஷனுக்குப் போனதோ!

தொழில்நுட்பத்தால் வாய்ப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். கென்யாவில் 2007இல் எம்-பெசா என்ற போன்வழிப் பணச் சேவை வந்தபோது, வங்கிக் கணக்கே இல்லாதவர்களும் சாதாரண போனில் பணம் அனுப்பினார்கள். இலங்கையிலும் 2012இல் அதே மாதிரி ஈசி கேஷ் வந்தது. ஆனால் கொழுந்து பறிக்கும் அம்மாவின் அடிப்படை நாட்சம்பளம் 2024இல்தான் 1,350 ரூபாய் ஆனது. அதில் சாப்பாடு போக போன், டேட்டா எல்லாம் எப்படி வாங்குவது? கொரோனா நேரம் பிள்ளைகள் சிக்னல் தேடி மலையேறிப் படித்ததை மறக்க முடியவில்லை.

ஒவ்வொரு லயக் காம்பராவுக்கும் முதலில் ஒரு இலக்கம் கொடுங்கள். அதற்குப் பெரிய தொழில்நுட்பம் எதுவும் தேவையில்லை.

தங்கச்சி இன்று மறுபடி விண்ணப்பித்துவிட்டாள். இந்த முறை ஹட்டன் டவுனில் மாமா வேலை செய்யும் கடை விலாசம்.