தொலைபேசியில் கேட்கும் மூச்சு

ஒருவர் திடீரெனச் சரிந்தால், மாசி வீதியாக இருந்தாலும் உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமமாக இருந்தாலும் நாம் அழைப்பது 108தான். ஆளைப் பார்க்காமலே இதயம் நின்றுவிட்டதை உணர, பல நாடுகளில் அவசர அழைப்பை எடுப்பவர்கள் நம்புவது இரண்டு கேள்விகளை: தட்டி எழுப்பினால் விழிக்கிறாரா, இயல்பாக மூச்சு விடுகிறாரா?

சிக்கல் இரண்டாவதில்தான் இருக்கிறது. இதயம் நின்ற முதல் சில நிமிடங்களில் பலருக்கு, குறட்டையைப் போல, விட்டுவிட்டு ஒரு கேவல் வரும். "மூச்சு இருக்குங்க, இழுத்து இழுத்து விடுறாரு" என்று வீட்டார் சொல்வதை அப்படியே ஏற்றால் காலம் கடந்துவிடும் என்பதால், பயிற்சி பெற்றவர் ஒவ்வொரு மூச்சுக்கும் குரல் கொடுக்கச் சொல்லி இடைவெளியைக் கவனிப்பார். தொடக்கத்தில் கைகால் வெட்டி இழுப்பதும் உண்டு. நம் ஊரில் உடனே சாவிக்கொத்தைத் தேடுவார்கள் (அது வலிப்புக்கும் உதவாது).

இரண்டுக்கும் 'இல்லை' என்றால், கயிற்றுக் கட்டிலிலிருந்து தரைக்கு இறக்கி, நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டராவது அமுங்கும்படி நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தச் சொல்வார்கள். இதயம் நிற்கவில்லை என்று பின்னர் தெரிந்தாலும், அழுத்தியதால் பெரிய தீங்கு நேர்வது அரிது.