தெற்கு வேலியோரம் ஒரு முக்கோணம்

2024 பெப்ரவரி 5, திங்கள்

வங்கியில் வீட்டுக்கடன் பற்றிக் கேட்கப் போனேன். கவுண்டரில் இருந்த தங்கச்சி சிரித்த முகத்தோடு சொன்னாள்: "சேர், சபையில பாஸான பிளான் இல்லாம லோனைப் பற்றிக் கதைக்கவே ஏலா."

(சபை என்றது எங்கள் உள்ளூராட்சிச் சபையை.) அதோடு விட்டாளா? காணி உறுதி, நில அளவைப் படம், காணிக் கந்தோரில் தேடி எடுத்த பதிவுப் பிரதி, வீதிக்கோட்டுச் சான்றிதழ், காணி சுவீகரிப்புக்கு உட்படவில்லை என்ற கடிதம் என்று ஒரு தாளின் இரண்டு பக்கமும் எழுதித் தந்தாள். மட்டக்களப்பு வாவிக்குக் கிழக்கே, கடல் பக்கமான எழுவான்கரையில் பிறந்து வளர்ந்தவன் நான். எங்கள் ஒழுங்கையில் பிளான் பாஸ் பண்ணிக் கட்டிய வீடு எத்தனை என்று வரும் வழியில் எண்ணிப் பார்த்தேன். ஒரு கை விரல் போதும்.

வளவு மாமியுடையது. எங்கள் வழக்கப்படி மகளுக்கு, அதாவது என் மனைவிக்கு, நன்கொடை உறுதி எழுதிக் கொடுத்துவிட்டார். 50 அடி அகலம், 80 அடி நீளம், 15 பேர்ச்சஸுக்குக் கொஞ்சம் குறைவு. கடலிலிருந்து 300 மீற்றருக்குள் வந்திருந்தால் கரையோரம் பேணல் திணைக்களத்துக்கும் போக வேண்டி இருந்திருக்கும். அதற்கு வெளியே நிற்கிறோம். அந்த மட்டில் தப்பினோம்.

பெப்ரவரி 14, புதன்

பிளான் கீறும் தம்பி முதல் படத்தைக் கொண்டுவந்தான். மூன்று அறை, சாமியறை, குசினி, மாமிக்காக ஒரு சாமான் அறை. நெல் மூட்டை வைக்க வேறு இடம் கிடையாது என்பது அவருடைய நிபந்தனை.

சபையில் ரி.ஓ. சேரிடம், அதாவது தொழில்நுட்ப உத்தியோகத்தரிடம், முன்கூட்டியே ஒரு பார்வைக்குக் காட்டினேன். (அவர் என்னைச் சேர் என்கிறார், நான் அவரைச் சேர் என்கிறேன். பார்ப்பவர்களுக்கு யார் யாரிடம் அலுவலாக வந்திருக்கிறார் என்று விளங்காது.) பென்சிலால் ஒரு யன்னலைச் சுற்றி வட்டம் போட்டார். அறை 10க்கு 12, 120 சதுர அடி. யன்னல் தரைப் பரப்பில் ஏழில் ஒன்றாவது இருக்க வேண்டும், அதாவது 17 சதுர அடிக்குச் சற்று மேல். தம்பி போட்டிருந்தது 4க்கு 4, வெறும் 16. ஒரு சதுர அடிக்காகப் படம் திரும்பியது. முதலில் எரிச்சலாக இருந்தது. பங்குனி வெயிலில் இப்போதுள்ள வீட்டின் நடு அறையில் படுத்துப் பார்த்தவனுக்கு அந்த எரிச்சல் நீடிக்காது. 4க்கு 4½ ஆக்கியாயிற்று.

நாம் இன்னும் பார்க்கும் வீடமைப்பு, நகர மேம்பாட்டுக் கட்டளைச் சட்டம் 1915ஆம் ஆண்டுக்குரியது. மாமியை விட வயது கூட.

மார்ச் 2, சனி

பி.எச்.ஐ., அதாவது பொதுச் சுகாதாரப் பரிசோதகர், வந்தார். சிக்கல் இங்கேதான் தொடங்கியது.

மலக்குழியை வாயு (வடமேற்கு) மூலையில் வைக்கச் சொல்லி, வாஸ்துப்படி நிலையம் எடுத்த ஆசாரி குறித்துத் தந்திருந்தார். எங்கள் கிணறு ஈசான (வடகிழக்கு) மூலையில். இரண்டுக்கும் நடுவில் தாராளமாக இடம் இருக்கிறது என்று நிம்மதியாக இருந்தேன். பி.எச்.ஐ. எங்கள் கிணற்றைப் பார்த்துவிட்டு நேரே பின் வேலிக்குப் போய்க் கிடுகை விலக்கி எட்டிப் பார்த்தார். "இது யாருடைய கிணறு?"

பின்வளவு அண்ணன் மூன்று வருடத்துக்கு முன் வெட்டியது. வேலியிலிருந்து 6 அடி தள்ளி. மகள் அளவு நாடாவின் கொக்கியைப் பிடித்துக்கொண்டு வேலிக்குள் நுழைந்தாள், நான் குழி வரும் இடத்தில் உட்கார்ந்து மறு நுனியைப் பிடித்தேன். அண்ணனின் ஆட்டுக்குட்டி நாடாவைக் கடிக்க வந்தது. 13 அடி. கிணற்றுக்கும் குழிக்கும் நடுவில் வேண்டியது 50.

"செப்டிக் டாங்க் கொங்கிறீட்தானே, சேர்?" என்று கேட்டேன். டாங்க் அடைப்பானது, அதிலிருந்து வெளியேறும் தண்ணீர் போய் ஊறும் குழிதான் கேள்வி என்றார். எங்களுடையது மணல் தரை. மாரியில் இரண்டு முழக் கயிற்றில் தண்ணீர் அள்ளலாம். அந்த நேரத்தில் குழிக்குள்ளும் அதே தண்ணீர்தான் நிற்கும். இதைச் சொல்லிவிட்டு அண்ணன் வீட்டில் தந்த தேத்தண்ணியைக் கையில் எடுத்தார், ஒருமுறை கிணற்றைப் பார்த்தார், பிறகு குடித்தார்.

எங்கள் கிணற்றைத் தூர்த்துவிட்டுக் குழாய்த் தண்ணீரோடு இருந்தால் என்ன என்று மெதுவாகக் கேட்டுப் பார்த்தேன். மாமி குசினிக்குள் இருந்தே பதில் சொன்னார்: "அதைத் தூர்க்கிறண்டா என்னையும் சேத்துத் தூருங்க, தம்பி." 2004 சுனாமிக்குப் பிறகு கடலோரக் கிணறுகள் கரித்துக் கிடந்த நாட்களில் ஒழுங்கை முழுக்க வாளியோடு வந்து நின்றது இந்தக் கிணற்றடியில்தான். வாயை மூடிக்கொண்டேன்.

மார்ச் 3, ஞாயிறு

மகளின் கணிதப் பெட்டியைக் கடன் வாங்கினேன். வரைபுத் தாளில் வளவை 10 சென்ரிமீற்றருக்கு 16 சென்ரிமீற்றராகக் கீறி, இரண்டு கிணறுகளையும் புள்ளியிட்டு, கவராயத்தால் 50 அடி ஆரைக்கு இரண்டு வட்டம் போட்டோம். வளவு முழுவதையும் இரண்டு வட்டங்களும் விழுங்கிவிட்டன. தெற்கு வேலியோரம் நடுவில் மட்டும் ஒரு சிறு முக்கோணம் மிஞ்சியது: வேலியோடு 24 அடி, உள்ளே 10 அடி. தெற்கு வளவுக் கிணறு எட்டத்தில், அதனால் அங்கிருந்து தொல்லை இல்லை.

அந்த முக்கோணத்துக்கு ஒட்டினாற்போல் வருவது மாமியின் சாமான் அறைச் சுவர்.

மார்ச் 19, செவ்வாய்

ஆசாரிக்குத் தெற்கில் குழி என்பது பிடிக்கவில்லை. எமன் திசை என்றார். மாமி வெற்றிலையை மென்றபடி கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "கிணத்துத் தண்ணி கெட்டா எமன் எல்லாத் திசையாலயும் வருவான்" என்றார். சாமான் அறை 4 அடி குறைகிறது. மூட்டைகளுக்கு விறாந்தை மூலை. இது இரண்டாம் முறை திருத்திக் கீறிய படம், மூன்று பிரதி.

ஏப்ரல் 10, புதன்

விண்ணப்பம் கொடுத்து, கட்டணம் கட்டி, பற்றுச்சீட்டு வாங்கினேன். சித்திரை வருசம் வருகிறது, அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றார்கள். பார்ப்போம்.

மே 6, திங்கள்

திட்டமிடல் குழுக் கூட்டம் நடக்கவில்லை. கோவை எந்த மேசையில் என்று கேட்டு மூன்று மேசைக்கு அனுப்பப்பட்டேன். நாலாவதில் கிடந்தது, மேலே யாரோ தேத்தண்ணிக் கோப்பை வைத்த வட்டத்தோடு. இந்த வட்டத்தின் ஆரை 50 அடி இல்லை. வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன், அவள் சிரிக்கவில்லை.

ஆனி பிறந்தால் கல் வைக்க ஏலாது. வைகாசிக்குள் முடியுமா என்பதுதான் வீட்டில் இப்போதுள்ள ஒரே பேச்சு.

மே 31, வெள்ளி

கண்ணகை அம்மன் சடங்கு முடிந்து, குளிர்த்தியும் பாடி, ஊர் அடங்கிய பிறகு தொலைபேசி வந்தது. பாஸ்.

ஒவ்வொரு தாளிலும் முத்திரை. ஒரு வருடத்துக்குச் செல்லுபடி. வீடு முடிந்ததும் இணக்கச் சான்றிதழுக்கு மறுபடி வர வேண்டும் என்று ரி.ஓ. சேர் இரண்டு தரம் சொன்னார். பிளான் எடுத்தவர்களே அதை எடுக்காமல் குடிபூருகிறார்களாம். "படத்தில இல்லாத போர்ட்டிக்கோ ஒண்டும் முளைக்கக் கூடாது, சேர்." அவர் ஒழுங்கையைப் பார்த்திருக்கிறார் போல.

ஜூன் 10, திங்கள்

கல் வைத்தோம். மாமி முதல் கல்லைத் தொட்டுக் கொடுத்தார். பின்வளவு அண்ணனும் வந்து நின்றார். தெற்கு வேலியோரம் குழிக்கு அடித்த முளையை மேசன் பாஸ் (கொத்தனார்) தன் நாடாவால் மறுபடி அளந்தார்: எங்கள் கிணற்றுக்கு 54, அண்ணனுடையதற்கு 54½.

அப்புறம் கலவைக்குத் தண்ணீர் கேட்டார். மாமி தானே வாளியைக் கிணற்றில் விட்டு இழுத்தார். பாஸ் ஒரு கை அள்ளி வாயில் வைத்து, துப்பிவிட்டு, "கரிக்கல்ல" என்று சொல்லிச் சாந்தைக் குழைக்கத் தொடங்கினார்.