தோட்டத்து வீட்டில் கையெழுத்துப் பழக்கிய கதை

கோபிசெட்டிபாளையத்துக்கு அருகில், தடப்பள்ளி வாய்க்கால் பாயும் தோட்டம் ஒன்றில் எங்கள் வீடு இருக்கிறது. நெல்லும் மஞ்சளும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இரண்டு மாடுகள் இருக்கின்றன. மகனுக்கு எட்டு வயது, மகளுக்கு ஆறு வயது ஆகிறது. இருவரும் பள்ளிக்குப் போகாமல் வீட்டிலேயே படிக்கிறார்கள் என்று தெரிந்ததும் உறவினர்கள் முதலில் கேட்பது, "அப்ப எழுத யாரு சொல்லிக் குடுக்கறது?" என்பதுதான். கணக்கைப் பற்றியோ அறிவியலைப் பற்றியோ அவர்கள் அவ்வளவு கவலைப்படுவதில்லை. அந்தக் கேள்விக்கு நின்று நிதானமாகப் பதில் சொல்ல வேண்டும் என்று நெடுநாளாக எண்ணியிருந்தேன்.

மகன் சில மாதங்கள் பள்ளிக்குப் போனவன்தான். நான்கு வயதில் எல்கேஜியில் சேர்த்தோம். தினமும் இரண்டு பக்கம் தமிழும் இரண்டு பக்கம் ஆங்கிலமும் வீட்டில் எழுதிக்கொண்டு போக வேண்டும். பென்சிலை நான்கு விரல்களாலும் சேர்த்துப் பிடித்து, தாளில் ஓட்டை விழும் அளவுக்கு அழுத்தி எழுதுவான். அரைப் பக்கம் முடிவதற்குள் கை வலிக்கிறது என்று உதறுவான். ஒருநாள் நோட்டைக் காணவில்லை. வீடு முழுவதும் தேடிவிட்டு விட்டுவிட்டோம். இரண்டு நாள் கழித்து மாட்டுக்கு வைக்கோல் பிடுங்கப் போன என் மாமியார், போருக்குள்ளிருந்து அந்த நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். குழந்தை அதை வைக்கோலுக்குள் கை எட்டும் ஆழம்வரை செருகி வைத்திருந்தான். அதைப் பார்த்தபோது எனக்குக் கோபம் வரவில்லை. நெஞ்சு கனத்துப் போயிற்று. அந்த ஆண்டு முடிந்ததும் அவனை நிறுத்திவிட்டோம்.

அதன்பின் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு அவன் கையில் பென்சிலே கொடுக்கவில்லை. வீட்டில் பலருக்கும் இது பிடிக்கவில்லை என்றாலும், சின்னக் கைக்கு எழுத்தைவிட முதலில் வலுவும் நிதானமும் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். தோட்டத்து வீட்டில் அதற்கான வேலைக்குப் பஞ்சமில்லை. கடலைக்காய் உரிக்கும்போது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து அழுத்துகின்றன. நடுவிரல் அடியில் நின்று தாங்குகிறது. பென்சில் பிடிப்பதற்கு வேண்டியதும் அதே மூன்று விரல்களின் கூட்டுதான். முருங்கைக்கீரை உருவுவது, புளியில் கொட்டை எடுப்பது, காய்ந்த மக்காச்சோளத்தை உதிர்ப்பது, வாழைநாரில் பூக்கட்டுவது என்று ஒவ்வொன்றும் விரலுக்கு ஒவ்வொரு விதமான பழக்கத்தைத் தருகிறது. எல்லாவற்றையும்விட அதிகம் உதவியது கோலம்தான். வாசலில் ஐந்து புள்ளி வைத்து, கையை எடுக்காமல் புள்ளிகளைச் சுற்றி வளைத்துக்கொண்டு வரும் சிக்குக் கோலத்தைப் போடப் பழகிய குழந்தைக்கு, ண, ஞ, இ போன்ற எழுத்துகளின் வளைவுகள் புதியவையாக இருப்பதில்லை. பையனுக்குக் கோலம் எதற்கு என்று கேட்டவர்களும் உண்டு. அவர்களிடம் நான் வாதம் செய்யவில்லை. அவன் போட்ட கோலத்தைக் காட்டினேன்.

எழுத்தை மணலில் தொடங்கினோம். வாய்க்கால் மணலைச் சலித்து, ஒரு தாம்பாளத்தில் பரப்பி, விரலால் எழுதச் செய்தேன். இது நான் கண்டுபிடித்த முறையன்று. நம் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதித்தான் எழுத்துப் பழகினார்கள். இன்றைக்கும் விஜயதசமியன்று தட்டில் அரிசியைப் பரப்பிக் குழந்தையின் விரலைப் பிடித்து எழுத வைக்கிறோம். சென்னை எழும்பூரில் இருந்த படைவீரர் பிள்ளைகளுக்கான ஆதரவற்றோர் இல்லத்தை 1789 முதல் நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற ஸ்காட்லாந்துப் பாதிரியார், நாட்டுப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் எழுதுவதைக் கண்டு அதைத் தம் இல்லத்திலும் கொண்டுவந்தார். அங்கே சற்றுத் தெரிந்த பிள்ளை, தெரியாத பிள்ளைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கற்றுக்கொடுக்கும் முறையையும் ஏற்படுத்தினார். 1797-ல் அவர் அதை இலண்டனில் எழுதி வெளியிட்ட பிறகு, மதராஸ் முறை என்ற பெயரில் அது இங்கிலாந்துப் பள்ளிகளில் பரவியது.

மணலின் சிறப்பு, அழிப்பது எளிது என்பது மட்டுமன்று. மணலில் எழுதும்போது விரல் போகும் வழி பக்கத்தில் இருப்பவருக்குக் கண்ணெதிரே தெரிகிறது. கையெழுத்தைப் பொறுத்தவரை நான் கற்றுக்கொண்ட பெரிய பாடம் இதுதான்: எழுதி முடித்த எழுத்தைத் திருத்துவதால் அதிகப் பயன் இல்லை, எழுத்து உருவாகும்போது பக்கத்தில் இருக்க வேண்டும். என் மகன் பள்ளியில் பழகிவந்த ப என்ற எழுத்து பார்ப்பதற்குச் சரியாகவே இருந்தது. ஆனால் அவன் அதை வலப்பக்கக் கோட்டின் உச்சியில் தொடங்கி, கீழே இறங்கி, இடப்பக்கமாகப் போய், மேலே ஏறி முடித்துக்கொண்டிருந்தான். நோட்டைத் திருத்திய ஆசிரியருக்கு அது தெரிந்திருக்க வழியில்லை. நாற்பது பிள்ளைகளை வைத்துக்கொண்டு ஒவ்வொருவரின் விரலையும் யாராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. ஆனால் அப்படித் தலைகீழாகப் பழகியவன் பு எழுதும்போதும் பா எழுதும்போதும் கையைத் தூக்கித் தூக்கி வைக்க வேண்டியிருந்தது. வேகமும் வரவில்லை, வரிசையும் நிற்கவில்லை. அந்த ஒரு எழுத்தை மாற்றிப் பழக எங்களுக்கு மூன்று வாரம் ஆயிற்று.

ஆகவே மகளுக்கு எழுத்தைத் தொடங்கும்போது அ, ஆ வரிசையைப் பாட்டாகப் பாடுவதற்கு வைத்துக்கொண்டு, எழுதுவதற்கு வேறு வரிசையை எடுத்துக்கொண்டேன். முதலில் ட, பிறகு ப, பிறகு ம. மூன்றும் மேலிருந்து நேராக இறங்கி வலப்பக்கம் திரும்புகின்றவை. இந்த மூன்றோடு புள்ளியையும் சேர்த்துக்கொண்டால் படம், மடம், பட்டம், மட்டம் என்று முதல் வாரத்திலேயே குழந்தை முழுச் சொல்லை எழுதிவிடுகிறது. அதற்கு அடுத்து க, ச, த; இவற்றுக்குத் தலைப்பகுதி ஏறக்குறைய ஒன்றுதான், கால் போகும் இடம்தான் வேறு. பிறகு சுழியில் பிறந்து வலப்பக்கம் நடக்கும் வ, ல, ள, ன, ண. உயிரெழுத்துகளில் எளிதான உ, எ ஆகியவற்றை நடுவில் நுழைத்துவிட்டு, இ, ஈ, ஞ ஆகியவற்றைக் கடைசிக்குத் தள்ளிவைத்தேன்.

இருநூற்று நாற்பத்தேழு எழுத்தா என்று மலைப்பவர்கள் உண்டு. கால், கொம்பு, விலங்கு, சுழி என்று துணைக்குறிகளைத் தனியே பழகிவிட்டால் மலைப்புக் குறைந்துவிடும். உண்மையில் இடர் தருவது உகர வரிசை ஒன்றுதான். கு, டு, மு, ரு, ழு, ளு ஆகியவை ஒரு மாதிரி வளைகின்றன. ஙு, சு, பு, யு, வு ஆகியவை கீழே நேராக இறங்குகின்றன. ஞு, ணு, து, நு, லு, று, னு ஆகியவை இன்னொரு மாதிரி சுற்றி மேலே ஏறுகின்றன. இதை மூன்று குடும்பங்களாகப் பிரித்து, சுவரில் கரியால் எழுதி வைத்தேன். பதினெட்டையும் வரிசையாக மனப்பாடம் செய்யச் சொன்னபோது வராதது, குடும்பம் குடும்பமாகப் பிரித்ததும் பத்து நாளில் வந்துவிட்டது.

கொம்பைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். மகள் "கொக்கு" என்று எழுத முயன்ற நாளை நான் மறக்கமாட்டேன். வாயில் கொ என்று சொல்லிக்கொண்டே முதலில் க எழுதினாள், ஏனென்றால் காதில் முதலில் விழுவது க்தான். பிறகு காலைப் போட்டாள். பிறகுதான் கொம்பு நினைவுக்கு வந்தது. இடப்பக்கம் இடமில்லாமல் சிலேட்டின் மரச்சட்டத்தின் மேல் அதைப் போட்டுவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தாள். அவள் செய்தது தவறு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஒலி வந்த வரிசையில்தான் அவள் எழுதியிருந்தாள். எழுதும் கை முதலில் கொம்பைப் போட வேண்டும், காதோ மெய்யைத்தான் முதலில் கேட்கிறது. அதனால் கெ, கே, கை, கொ, கோ வரும் சொற்களுக்கு மட்டும் ஒரு பழக்கம் வைத்துக்கொண்டோம்: எழுதுவதற்கு முன் சொல்லை முழுதாகச் சொல்லி, கொம்பு வேண்டுமானால் இடக்கையால் மேசையைத் தட்டிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். ஒரு மாதத்தில் தட்டுவது தானே நின்றுவிட்டது.

மணலுக்குப் பிறகு சிலேட்டு. கல் சிலேட்டும் பல்பமும் வாங்கினோம். தேய்ந்து விரல்நீளமே இருக்கும் பல்பத்தை முழுக்கையால் பிடிக்க இயலாது என்பதால், மூன்று விரல் பிடி தானாகவே அமைந்துவிடுகிறது. பென்சிலுக்கு வந்த பிறகும் இதற்காகவே நீளப் பென்சிலை இரண்டாக வெட்டித்தான் கொடுக்கிறேன். சிலேட்டு வெளுத்துப்போனால் என் மாமியார் வேலியிலிருந்து கோவை இலையைப் பறித்து வந்து, அடுப்புக்கரியோடு சேர்த்துக் கசக்கித் தேய்த்துக் கொடுப்பார். சிலேட்டு மறுபடி கறுப்பாகிவிடும். சிலேட்டை அப்படிக் கறுப்பாக்குவதற்காகவே பிள்ளைகள் நிறைய எழுதி அழித்தார்கள் என்றுகூடச் சொல்லலாம். நோட்டுக்குப் போனது மகன் ஏழு வயதைத் தொடும்போதுதான். இரட்டைக்கோடு நோட்டு, நாளுக்கு ஐந்தே வரி, காலைச் சாப்பாட்டுக்குப் பின் கால்மணி நேரம். ஐந்து வரியிலும் அவனே நன்றாக இருக்கிறது என்று நினைக்கும் எழுத்தின் அடியில் ஒரு புள்ளி வைப்பான். நான் எதன்மேலும் சிவப்பு மையால் கோடு போடுவதில்லை.

மகள் இடக்கைப் பழக்கம் உடையவள். நான்கு வயதில் அது தெளிவாகத் தெரிந்ததும் என் மாமியார், "நொட்டாங்கைல எழுதுனா நல்லா இருக்காது கண்ணு, சோத்தாங்கைக்கு மாத்தீரு" என்று அவளிடம் அன்பாகவே பலமுறை சொன்னார். நான் அவரிடம், "அத்தை, நீங்க எந்தக் கையால பூக்கட்டறீங்களோ, அந்தக் கையை மாத்திக் கட்டிப் பாருங்க" என்று கேட்டுக்கொண்டேன். அவர் உண்மையிலேயே முயன்று பார்த்தார். நான்கு பூக்கூட நிற்கவில்லை. அன்றோடு அந்தப் பேச்சு நின்றுபோயிற்று. தமிழும் இடமிருந்து வலமாகப் போகும் எழுத்து. ஆகவே இடக்கையால் எழுதுகிறவர்களின் கை, எழுதியதன்மேலேயே ஊர்ந்து சென்று அதை மறைக்கவும் கலைக்கவும் செய்கிறது. அதற்கு வழி மிக எளியது. தாளின் மேல்முனை வலப்பக்கம் சாயும்படி வைக்க வேண்டும், பென்சிலைக் கூரிலிருந்து சற்று மேலே தள்ளிப் பிடிக்க வேண்டும், மணிக்கட்டு வரிக்குக் கீழே இருக்க வேண்டும். இந்த மூன்றையும் தொடக்கத்திலேயே பழக்கிவிட்டதால், கையைக் கொக்கிபோல வளைத்து எழுதும் சிரமம் அவளுக்கு வரவில்லை. அவளுக்கு இதையெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துப் பழக்கியதில் பாதிக்குமேல் என் மகன்தான். அவன் சொன்னால் கேட்பாள். நான் சொன்னால் அழுவாள்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்குச் சுருக்கமாக: 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் ஆறு முதல் பதினான்கு வயதுவரை இலவசக் கட்டாயக் கல்வியைப் பற்றிப் பேசுகிறது, வீட்டுக்கல்வியைப் பெயர் சொல்லித் தடுக்கவும் இல்லை, பெயர் சொல்லி ஏற்கவும் இல்லை. பதினான்கு வயது நிறைந்ததும் தேசியத் திறந்தநிலைப் பள்ளி வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுதலாம். அந்த வழியை மனத்தில் வைத்துத்தான் நாங்கள் நடக்கிறோம். தேர்வென்றால் மூன்று மணி நேரம் கை தளராமல் எழுத வேண்டும் என்பதும் நினைவில் இருக்கிறது.

ஆனால் பிள்ளைகள் எழுதுவது தேர்வுக்காக அன்று. பதில் வரும் என்பதற்காக. காங்கேயம் பக்கத்தில் இருக்கும் என் அம்மாவுக்கு மாதம் இருமுறை ஐம்பது காசு அஞ்சலட்டையில் இருவரும் எழுதுகிறார்கள். அம்மா ஐந்தாம் வகுப்புவரை படித்தவர். உடனே பதில் எழுதிவிடுவார். போன மாதம் வந்த அட்டையைப் படித்துக்கொண்டிருந்த மகன், "தென்" என்பதோடு நின்றுவிட்டான். "ன்"னுக்குப் பிறகு வந்த எழுத்தை அவன் பார்த்ததே இல்லை. யானைத் தும்பிக்கையைத் தூக்கினாற்போல, னகரத்தின் தலையில் வளைந்து நின்ற பழைய னை அது. 1978-ல் தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்குமுன் பள்ளியில் படித்தவர் அம்மா. பெரியார் 1935-லேயே தம் 'குடி அரசு' இதழில் கையாளத் தொடங்கிய எழுத்துமுறைதான் அப்போது ஆணையாக வந்தது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலான பதின்மூன்று எழுத்துகள் மாறின. அம்மாவின் கை மட்டும் மாறவில்லை. "அம்மிச்சி தப்பா எழுதியிருக்காங்களா?" என்று மகள் கேட்டாள். "இல்லை சாமி, அம்மிச்சி படிக்கறப்ப அப்படித்தான் எழுதுனாங்க" என்றேன்.

மகன் அட்டையை எடுத்துக்கொண்டு மணல் தாம்பாளத்துக்குப் போனான். அந்தத் தும்பிக்கை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று அட்டையைப் பார்த்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. ஆகவே அம்மாவைக் கைப்பேசியில் அழைத்தோம். அவர் மறுமுனையில் மெதுவாகச் சொல்லச் சொல்ல, இவன் விரலால் வளைத்துக்கொண்டே வந்தான். மூன்றாம் முறை சரியாக வந்தது. பிறகு பதில் அட்டையில், நம் வாய்க்கால் ஓரத் தென்னையில் குருவி கூடு கட்டியிருக்கிறது என்று எழுதினான். தென்னையில் வரும் னையை மட்டும் அம்மிச்சி எழுதுகிறபடியே எழுதி, அதன் அடியில் ஒரு புள்ளி வைத்தான்.