கூரைச் சாய்வில் வெர்டெக்ஸ்களைப் படியவைப்பது: தளம் மட்டும் போதாது, திசையும் வேண்டும்

பிளெண்டர் என்ற 3டி மாடலிங் மென்பொருளில் வெர்டெக்ஸ்களை (மாடலின் மூலைப்புள்ளிகளை) ஒரே தளத்தில் தட்டையாக்க எல்லாரும் முதலில் பழகுவது எஸ், இசட், 0 என்ற விசைகள்: இசட் அச்சில் ஸ்கேலை (அளவை) 0 ஆக்குவது. தரைக்கு இணையான தளம் என்றால் அதுவே போதும். கூரை, சாய்சுவர் என்று வரும்போதுதான் தகராறு.

சாய்ந்த தளத்துக்குத் தனி ஓரியன்டேஷன், அதாவது அந்தத் தளத்தோடு சாய்ந்த அச்சுகள், உருவாக்க வேண்டும். தளத்தில் ஏற்கெனவே சரியாக இருக்கும் மூன்று வெர்டெக்ஸைத் தேர்ந்தெடுத்து, டிரான்ஸ்ஃபார்ம் ஓரியன்டேஷன் பட்டியலில் உள்ள கூட்டல் குறியை அழுத்துங்கள். நாலு மூலை ஃபேஸை (பரப்பை) நம்பாதீர்கள். அது இம்மி முறுக்கியிருந்தாலும் கிடைக்கிற நார்மல் (பரப்புக்குச் செங்குத்தான திசை) வெறும் சராசரிதான். மூன்று புள்ளிகள், ஒரே கோட்டில் விழாதவரை, ஒரே ஒரு தளத்தைத்தான் தரும்.

அடுத்து, பிவட்டை (ஸ்கேலின் மையப்புள்ளியை) ஆக்டிவ் எலிமென்ட்டுக்கு, அதாவது கடைசியாகத் தேர்ந்தெடுத்ததற்கு, மாற்றுங்கள். நகர வேண்டிய வெர்டெக்ஸ்களைத் தேர்ந்தெடுத்து, கடைசியாக ஷிஃப்ட்டுடன் அந்த மூன்றில் ஒன்றைத் தொட்டுவிட்டு எஸ், இசட், 0. மேல் பட்டையில் 'குளோபல்' என்று வந்தால் இசட்டை இன்னொரு தடவை தட்டுங்கள். பிவட் மீடியன் பாயின்ட்டிலேயே கிடந்தால் சாய்வு சரியாக வரும், இடம் தப்பும்: தேர்ந்தெடுத்தவற்றின் சராசரி வழியாகப் போகும் இணைத்தளத்தில் எல்லாம் போய் உட்காரும். ப்ரொபோர்ஷனல் எடிட்டிங் (அக்கம்பக்கத்து வெர்டெக்ஸ்களையும் சேர்த்து இழுக்கும் வசதி) அணைந்திருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்டோ மெர்ஜ் ஓடிக்கொண்டிருந்தால், ஒன்றன்மேல் ஒன்று விழுந்த வெர்டெக்ஸ்கள் கேட்காமலே ஒட்டிப்போகும்.

கோட்டின் மேல் படியவைக்கவும் இதே வழிதான். ஒரு எட்ஜிலிருந்து (இரண்டு வெர்டெக்ஸை இணைக்கும் கோட்டிலிருந்து) ஓரியன்டேஷன் எடுத்து, எந்த அச்சு எட்ஜோடு ஓடுகிறது என்று கிஸ்மோவில் (திரையில் தெரியும் வண்ண அச்சுக் கைப்பிடியில்) பாருங்கள். வழக்கமாக அது பச்சை ஒய். அப்படியானால் எஸ், ஷிஃப்ட்-ஒய், 0. மற்ற இரண்டு அச்சும் சுருங்கி, எல்லாம் கோட்டில் வந்து விழும்.

இனிதான் முக்கியமான விஷயம். ஸ்கேலை 0 ஆக்குவது எப்போதும் தளத்துக்குச் செங்குத்தாகவே தள்ளும். 30 டிகிரி கூரையின் அடியில் நேராக நிற்கும் சுவரை எடுத்துக்கொள்வோம். சுவரின் மேல் வெர்டெக்ஸ் கூரைக்கு 40 செ.மீ. கீழே நிற்கிறது. மேற்சொன்னபடி செய்தால் அது கூரையைத் தொடும், ஆனால் பக்கவாட்டில் 17.3 செ.மீ. நகர்ந்துவிடும் (40 × காஸ் 30 × சைன் 30). சுவர் சாய்ந்துபோகும். அங்கே வேண்டியது நேர்மேலான நகர்வு.

அதற்கு ஷ்ரிங்க்ராப் மாடிஃபையர்தான் (ஒரு பொருளின் வெர்டெக்ஸ்களை இன்னொரு பொருளின் பரப்பில் படியவைக்கும் கருவி) என் தேர்வு. கூரைத் தளத்தைத் தனிப் பொருளாக, சுவரைவிடப் பெரிதாக வைத்துக்கொள்ளுங்கள். சுவரின் மேல் வெர்டெக்ஸ்களை மட்டும் ஒரு வெர்டெக்ஸ் குரூப்பில் சேருங்கள். முறை ப்ராஜெக்ட், அச்சு இசட், நெகட்டிவ், பாசிட்டிவ் இரண்டும் டிக், பிறகு அந்தக் குரூப். அச்சு எதையும் தேர்ந்தெடுக்காவிட்டால் ஒவ்வொரு வெர்டெக்ஸும் தன் நார்மல் திசையில் ஓடும், மூலைகள் விரியும். இந்த இசட் பொருளின் சொந்த இசட். பொருளே சாய்ந்திருந்தால் முதலில் ரொட்டேஷனை (சுழற்சியை) அப்ளை பண்ணுங்கள். கூரையைத் தாண்டி நிற்கும் வெர்டெக்ஸ் எங்கும் மோதாது, பிழைச்செய்தியும் வராது, இருந்த இடத்திலேயே இருக்கும். கூரையைப் பெரிதாக்கச் சொன்னது அதனால்தான்.

பைத்தானில் எழுதுபவர்களுக்கு: புள்ளியிலிருந்து தளத்தின் ஒரு புள்ளிக்குப் போகும் வெக்டரை நார்மலோடு டாட் (புள்ளிப் பெருக்கல்) செய்து, நகரும் திசைக்கும் நார்மலுக்கும் உள்ள டாட்டால் வகுத்தால் எவ்வளவு நகர வேண்டும் என்பது கிடைக்கும். வகுக்கும் எண் 0-ஐ நெருங்கினால் திசை தளத்துக்கு இணை என்று பொருள், வெர்டெக்ஸ் எங்கேயோ பறந்துவிடும். அந்த இடத்தில் ஒரு வரம்பு வைத்து நிறுத்துங்கள். நார்மலும் புள்ளியும் ஒரே ஆயத்தில் இருக்க வேண்டும்: ஒன்று லோக்கல் (பொருளின் சொந்த ஆயம்), இன்னொன்று வேர்ல்டு (முழுக் காட்சியின் ஆயம்) என்றால் விடை தப்பு. ஸ்கேல் அச்சுக்கு அச்சு மாறியிருந்தால் நார்மலைச் சும்மா பொருளின் மேட்ரிக்ஸால் (லோக்கலை வேர்ல்டாக மாற்றும் அணியால்) பெருக்கினாலும் தப்பு. கன்ட்ரோல்-ஏ போட்டு ஸ்கேலை அப்ளை பண்ணிவிடுவது சுலபம்.

படிந்த பிறகு, தளத்துக்குச் செங்குத்தாக நின்ற ஃபேஸ்கள் பரப்பே இல்லாத கீற்றாகியிருக்கும். நெருங்கிக் கிடக்கும் வெர்டெக்ஸ்களை ஒட்ட மெர்ஜ் பை டிஸ்டன்ஸ் (இயல்பாக 0.0001 மீ), அதற்கு மேல் பரப்பில்லாத கீற்றுகளை நீக்க டீஜெனரேட் டிஸால்வ். அப்போதும் தளம் மினுக்கினால் மாடல் ஆதிப்புள்ளியிலிருந்து எவ்வளவு தூரம் என்று பாருங்கள். ஆயங்கள் 32-பிட் எண்கள்: 1,000 மீட்டரில் ஒரு படி (அடுத்தடுத்த இரண்டு எண்களின் இடைவெளி) சுமார் 0.06 மி.மீ., 10,000 மீட்டரில் கிட்டத்தட்ட 1 மி.மீ. சர்வே ஆயத்தோடு வந்த மாடலை ஆதிப்புள்ளிக்கு இழுத்து வைத்துவிட்டுப் படியவையுங்கள்.