வாக்குச்சீட்டும் வாரக்கூலியும்

அமெரிக்கப் பெண்கள் வாக்குரிமை பெற்ற கதையைப் படிக்கும்போதெல்லாம், வெள்ளை உடுத்தி ஊர்வலம் போன சீமாட்டிகளைவிட ஒரு பூட்டிய கதவுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, வேலை முடியும் நேரத்தில், நியூயார்க்கின் டிரையாங்கிள் தையல் ஆலையில் தீப்பிடித்தபோது ஒன்பதாம் மாடியின் வாசல்களில் ஒன்று பூட்டிக் கிடந்தது. தீயணைப்பு வண்டியின் ஏணியோ ஆறாம் மாடியோடு நின்றுவிட்டது. இறந்த 146 பேரில் பெரும்பாலோர், பிழைப்புத் தேடி ஐரோப்பாவிலிருந்து வந்த குடும்பங்களின் இளம்பெண்கள்.

அருகில் ஒரு தோழியின் வீட்டுக்கு வந்திருந்த, தொழிலாளர் நலனுக்காக உழைத்துவந்த பிரான்சிஸ் பெர்கின்ஸ் என்ற பெண்மணி ஓடிவந்து, அவர்கள் ஜன்னல்களிலிருந்து குதித்ததைக் கண்ணால் பார்த்தார். பெண்களின் வேலைநேரத்தை வாரத்துக்கு 54 மணியாகக் குறைக்கும் சட்டத்துக்காக அவர் மாநிலச் சட்டமன்றத்தில் உறுப்பினர் உறுப்பினராகப் பேசி, 1912-இல் அதை நிறைவேற்ற வைத்தார். அந்த உறுப்பினர்களைத் தேர்ந்தெடுப்பதில் தையல்காரப் பெண்களுக்குப் பங்கே இல்லை என்பதால்தான், 1909 வேலைநிறுத்தத்தை யிட்டிஷ் மொழியில் அறைகூவித் தொடங்கிவைத்த கிளாரா லெம்லிச் போன்றவர்கள் கூலிக்கான போராட்டத்தையும் வாக்குக்கான போராட்டத்தையும் ஒன்றாகவே கண்டார்கள். நியூயார்க்கின் ஆண் வாக்காளர்கள் 1915-இல் மறுத்ததை 1917-இல் தந்தார்கள். 1920-இல் பெண்களுக்கு வாக்குரிமை தரும் அரசியல் சட்டத்தின் பத்தொன்பதாம் திருத்தம் நாடு முழுமைக்கும் வந்தது. (தென் மாநிலங்களின் கறுப்பினப் பெண்களுக்கு 1965 வரை அது பெரும்பாலும் ஏட்டுச் சுரைக்காய்தான்.)

எனக்கு இன்னும் ஆறாதது 1923-இல் நடந்தது. தலைநகர் வாஷிங்டனில் பெண்களுக்குக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்த சட்டத்தை உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பத்தொன்பதாம் திருத்தத்துக்குப் பிறகு ஆண்களுக்கும் பெண்களுக்கும் உள்ள வேறுபாடு ஏறக்குறைய மறைந்துவிட்டது, ஆகவே தனிப் பாதுகாப்பு வேண்டியதில்லை என்று நீதிபதி சதர்லேண்ட் எழுதினார். அவர் செனட்டராக இருந்தபோது பெண் வாக்குரிமையை ஆதரித்தவர் என்பதுதான் இன்னும் உறுத்துகிறது. வாக்குச்சீட்டைக் காட்டியே கூலியைப் பிடுங்கிய அந்தத் தீர்ப்பு பதினான்கு ஆண்டுகள் நின்றது. தலைநகரின் பெயரையே கொண்ட, மேற்குக் கரையிலுள்ள வாஷிங்டன் மாநிலத்தில் ஓட்டல் அறைகளைத் துப்புரவு செய்த எல்சி பாரிஷ், தனக்கு வரவேண்டிய 216 டாலர் சொச்சம் பாக்கிக் கூலிக்காகத் தொடுத்த வழக்கில்தான், 1937-இல் அது கவிழ்ந்தது.