லூப் லேட்டன்சி: முதலில் தாளில், பிறகு அறிக்கையில்

சி++ நிரலை வன்பொருளாக மாற்றும் ஹை-லெவல் சிந்தசிஸ் கருவி, ஒவ்வொரு லூப்பும் முடிய எத்தனை கிளாக் (வன்பொருளின் கடிகாரத் துடிப்பு) எடுக்கும், அதாவது அதன் லேட்டன்சி எவ்வளவு என்று அறிக்கை தந்துவிடுகிறது. அந்த எண் எங்கிருந்து வந்தது என்றே தெரியாமல் பிரக்மாக்களை (நிரலில் கருவிக்கு எழுதும் கட்டளைக் குறிப்புகளை) மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டிருந்ததில் எனக்குச் சலிப்புத் தட்டியது. ஆகவே இம்முறை, என் கணக்கைத் தாளில் எழுதி வைத்த பிறகே அறிக்கையைத் திறப்பது என்று வைத்துக்கொண்டேன்.

எடுத்துக்கொண்டது எளிய லூப்தான்: 1024 ஃப்ளோட் (தசமப் புள்ளி) எண்கள் கொண்ட இரண்டு அணிகளை உறுப்புக்கு உறுப்பு பெருக்கி, எல்லாவற்றையும் கூட்ட வேண்டும். என் அமைப்பில் பிளாக் ராமிலிருந்து (அணிகள் இருக்கும் சிப்பின் உள்நினைவகத்திலிருந்து) படிக்க 2 கிளாக், பெருக்க 4, கூட்ட 5; ஆக ஒரு சுற்றுக்கு 11. பைப்லைனை, அதாவது ஒரு சுற்று முடியும் முன்பே அடுத்ததைத் தொடங்கும் முறையை, அணைத்துவிட்டால் 1024 × 11 = 11,264. லூப்புக்குள் நுழையவும் வெளியேறவும் ஆகும் ஓரிரு கிளாக்கை விட்டுவிட்டால் (இனி வரும் எண்களிலும் அதை விட்டுவிடுகிறேன்) அறிக்கையும் அதையே சொன்னது.

பைப்லைன் போட்ட பிறகு சூத்திரம் மாறுகிறது: சுற்றுகளின் எண்ணிக்கையில் ஒன்றைக் குறைத்து, அதை இனிஷியேஷன் இன்டர்வெல்லால், அதாவது ஒரு சுற்று தொடங்கியபின் அடுத்தது தொடங்க ஆகும் இடைவெளியால் பெருக்கி, ஒரு சுற்றின் நீளத்தைக் கூட்ட வேண்டும். இடைவெளி 1 என்று நம்பி 1034 என எழுதினேன், வந்தது 5126. ஒவ்வொரு சுற்றும் முந்தைய சுற்றின் கூட்டுத்தொகைக்காகக் காத்திருக்கிறது, கூட்டியோ (கூட்டலைச் செய்யும் வன்பொருள்) 5 கிளாக் எடுக்கிறது, எனவே இடைவெளியும் 5. ஃப்ளோட் கூட்டலில் வரிசை மாறினால் விடையின் கடைசி இலக்கங்களும் மாறக்கூடும் என்பதால் கருவி தானாக வரிசையை மாற்றத் துணிவதில்லை. நானே 8 பகுதித் தொகைகளாகப் பிரித்து, அவற்றை ஷிஃப்ட் ரெஜிஸ்டர் போல வரிசையாக நகர்த்திச் சுழலவிட்டதும், அதே தொகை எட்டுச் சுற்றுக்கு ஒருமுறையே தேவைப்பட்டதால், 1034 கிடைத்தது.

அடுத்து வந்த சறுக்கல்தான் எனக்கு மிகவும் பிடித்தது. அன்ரோல் 2 (இரண்டு சுற்றுகளின் வேலையை ஒரே சுற்றில் செய்வது) போட்டால் 512 சுற்றுகள், ஆகவே 511 + 11 = 522 என்று எழுதினேன். அறிக்கை 1033 என்றது: வன்பொருளை இரட்டிப்பாக்கி ஒரே ஒரு கிளாக்கை மிச்சப்படுத்தியிருக்கிறேன்! ஒரு சுற்று இரண்டு பகுதித் தொகைகளைத் தொடுவதால் அதே தொகை நான்கே சுற்றில் திரும்ப வந்துவிடுகிறது; கூட்டிக்கு 5 வேண்டும்; ஐந்தை நான்கால் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்கினால் இடைவெளி 2. தொகைகளை 16 ஆக்கியதும் 522 வந்தது.

அன்ரோல் 4 என்றபோது ஓர் அணியிலிருந்து ஒரு சுற்றுக்கு நான்கு எண்கள் தேவை. பிளாக் ராமுக்கு இரண்டு போர்ட்டுகளே (ஒரே கிளாக்கில் படிக்கக்கூடிய வாயில்களே) உண்டு. இடைவெளி 2, இரண்டாம் ஜோடி ஒரு கிளாக் தாமதமாக வருவதால் சுற்றின் நீளம் 12; 255 × 2 + 12 = மறுபடியும் 522. பைப்லைன் போட்ட பிறகு இதை மட்டும் முன்கூட்டியே சரியாக எழுதியிருந்தேன். ஒவ்வோர் அணியையும் சுழல் முறையில் (உறுப்புகளை மாறி மாறி வைத்து) இரண்டு பிளாக் ராம்களாகப் பிரித்துப் போர்ட் தடையை நீக்கினால், 16 தொகைகள் மீண்டும் நான்கே சுற்றில் திரும்பி வந்து பழைய தடையைக் கொண்டுவருகின்றன. 20 தொகைகள் போதும் என்றாலும், பாதி பாதியாகக் குறைத்துக் கூட்ட வசதியாக 32 வைத்தேன்: 255 + 11 = 266.

கடைசியில் அந்த 32 தொகைகளையும் ஒன்றாக்க வேண்டும் என்பதை நான் கணக்கிலேயே சேர்க்கவில்லை. ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டினால் 31 × 5 = 155 கிளாக், அதாவது முக்கிய லூப்பின் பாதிக்கும் மேல். ஜோடி ஜோடியாக ஐந்து அடுக்கில் கூட்டினால் 25 போதும், ஆனால் முதல் அடுக்குக்கே 16 கூட்டிகள் வேண்டும். அன்ரோலுக்காக ஏற்கெனவே இருக்கும் நான்கு கூட்டிகளையே பயன்படுத்தி, கிளாக்குக்கு நான்கு கூட்டலாகத் தொடங்கினால் முதல் அடுக்கில் 3 கிளாக்கும் இரண்டாவதில் 1 கிளாக்கும் கூடி 29 ஆகிறது. தாளில் 266 + 29 = 295 என்று எழுதி வைத்திருக்கிறேன், சிந்தசிஸ் ஓடிக்கொண்டிருக்கிறது.