கல்யாணக் கார்டும் பாயிண்ட் கேப்பும்

போன ஞாயித்துக்கிழமை குமாரகோவில்ல சித்தி மவளுக்கு கல்யாணம். எங்க வடசேரி வீட்டிலேர்ந்து 15 கிலோமீட்டர் கூட வராது, எட்டு மணிக்கு எறங்குனா போதும்னு அம்மா கணக்கு போட்டிருந்தா. நான் முந்தின நாள் ராத்திரி சும்மா கெடந்திருந்தா அந்தக் கணக்கு சரியாத்தான் இருந்திருக்கும்.

நம்மகிட்ட கெடக்குறது அப்பா காலத்து அம்பாசடர், 84 மாடல், மார்க் 4. கொஞ்ச நாளா மூணாவது கியர்ல மிதிச்சா விக்கல் எடுத்த மாதிரி இழுத்து இழுத்து போச்சு. பாயிண்ட் (பிளக்குல பொறி வர்றதுக்காக கரண்ட விட்டு விட்டுத் தெறந்து மூடுற சின்ன சுவிட்சு) தேஞ்சிருக்கும்னு எனக்கே தெரியும். நம்ம மெக்கானிக் ஆசான்கிட்ட சொன்னா வருவாரு, ஆனா நான் நாலு வீடியோ பாத்துட்டேன் பாத்துக்கிடுங்க, நாலு வீடியோ பாத்தவன் சும்மா இருப்பானா. அந்தப் பாயிண்ட் இருக்கிற டிஸ்ட்ரிபியூட்டர் மூடியக் கழட்டி, ரோட்டாரை உருவி, புது பாயிண்ட் மாட்டி, ஃபீலர் கேஜ் (மெல்லிசு மெல்லிசா உள்ள அளவுத் தகடு) வச்சு பாயிண்ட் தெறக்குற கேப் வச்சேன். 0.35லேர்ந்து 0.40 மில்லிமீட்டர் இருக்கணும், ஆசான் பாஷையில பதினஞ்சு தவ் (இஞ்சுல ஆயிரத்துல ஒரு பங்குதான் ஒரு தவ்). அதுவும் கேம் முனை (டிஸ்ட்ரிபியூட்டர் தண்டுல உள்ள மேடு) பாயிண்டை முழுசா தூக்கி நிக்கும்போதுதான் அளக்கணும்னு, வண்டிய டாப் கியர்ல போட்டு தம்பிய முன்னயும் பின்னயும் தள்ளவிட்டு, அவன் சாரத்த மடிச்சுக் கட்டிட்டு என்னயத் திட்டிக்கிட்டே தள்ளுனான். நடுவுல தாகம் எடுத்து அடுக்களைக்குப் போய் தண்ணி குடிச்சேன். (இந்தத் தண்ணி குடிச்ச விஷயத்த மறந்துராதீங்க.) திரும்பி வந்தா டார்ச் லைட் மங்கிப் போச்சு, கொசு ஒரு பக்கம், மணி பதினொண்ணு. மூடியப் போட்டு கிளிப்ப மாட்டிட்டு படுத்தாச்சு.

காலையில ஏழரைக்கு சாவியத் திருப்புனா செல்ஃப் மட்டும் சுத்துது, வண்டி ஒரு இருமல் கூட இருமல.

பட்டுச்சேலையோட அம்மா வாசப்படியில உக்காந்துட்டா. நான் வேட்டிய மடிச்சுக் கட்டிட்டு பெரிய மெக்கானிக் மாதிரி காயில்லேர்ந்து வர்ற வயரை மூடியிலேர்ந்து உருவி, எஞ்சின் பக்கத்துல லேசா தள்ளிப் பிடிச்சு தம்பிய செல்ஃப் அடிக்கச் சொன்னேன். சட்டு சட்டுன்னு நல்ல நீலக் கலர்ல பொறி! அப்போ கரண்டுல கொறை இல்ல, பெட்ரோல்தான் வரலன்னு முடிவு பண்ணி கார்புரேட்டர்ல கைய வச்சேன் பாருங்க, அதுதான் நான் செஞ்சதுலயே பெரிய மடத்தனம். அரை மணி நேரம் போச்சு, வெள்ளச் சட்டை பூரா பெட்ரோல் நாத்தம்.

“லேய், ஆட்டோவாவது கூப்பிடு”ன்னு அம்மா. எனக்கு மானப் பிரச்சினை. ஆசானுக்குப் போன் அடிச்சேன்.

ஆசான் சைக்கிள ஸ்டாண்ட் போட்டுட்டு, நான் சொன்ன கதை எதையும் கேக்காம, நேரா மூடியக் கழட்டி உள்ள எட்டிப் பாத்தாரு. அப்புறம் என்னயப் பாத்தாரு. “மக்கா, ரோட்டார் எங்க?”

நடுவுல உள்ள தண்டு மட்டும் மொட்டையா நிக்குது.

“காயில்லேர்ந்து கரண்டு இந்த மூடிக்கு நடுவுல வரும். ரோட்டார் சுத்திச் சுத்தி அத 1, 3, 4, 2ன்னு முறை வச்சு ஒவ்வொரு பிளக்குக்கா குடுக்கும். ரோட்டார் இல்லாம கரண்டு பிளக்குக்கு எப்பிடிப் போவும், பஸ் புடிச்சா போவும்?”

சட்டைப் பை, சாரம், காருக்கு அடி, எல்லாம் தேடியாச்சு. அம்மாகிட்ட ரோட்டார்னு கேட்டா அவளுக்கு என்ன தெரியும். ஆசான்தான் பொறுமையா, “கறுப்பா, பெருவிரல் தண்டிக்கு, தலையில ஒரு பித்தளைத் தகடு இருக்கும் தங்கச்சி”ன்னு சொன்னாரு. “அட, அது மிக்சிக்கு அடியில உள்ளதுல்லா? தண்ணிக்குடத்துக்குப் பக்கத்துல கெடந்துச்சுன்னு மிக்சி ஜாரோட எடுத்து வச்சேன். ஜாரு சுத்தாதது அதனாலதானாக்கும்னு நெனச்சேன்.”

ரோட்டாரப் போட்டதும் வண்டி கிளம்பிருச்சு. ஆனா ஆசான் விடல, தலைய ஒரு பக்கமா சாய்ச்சு சத்தத்தக் கேட்டுட்டு ஆஃப் பண்ணச் சொன்னாரு. “கேப் ஏகத்துக்கு கெடக்கு, இப்பிடியே போனா மேம்பாலத்துல ஏறும்போது எஞ்சின் டக்கு டக்குன்னு தட்டும்.” என் ஃபீலர் கேஜை வாங்கிப் பாத்தா, ஆயில் பசையில ரெண்டு தகடு ஒண்ணா ஒட்டிக் கெடக்கு. நான் 0.40ன்னு நெனச்சு வச்சது அதோட இன்னொரு தகடும் சேந்த கனம். கேப் கூடுனா பாயிண்ட் சீக்கிரமாத் தெறக்கும், டைமிங், அதாவது பொறி வர்ற நேரம், முன்னால போயிரும், அதாக்கும் தட்டுறது.

அந்தப் பிசுபிசுத்த கேஜை ஆசான் தொடக்கூட மாட்டேன்னுட்டாரு. “கல்யாணக் கார்டு ஒண்ணு எடு”ன்னாரு. தம்பி போய் அம்மா பையிலேர்ந்து எடுத்துட்டு வந்தான். தங்கக் கலர் அச்சு பொங்கி நிக்கிற எடம் ஆகாதுன்னு, வலது ஓரத்துல மேலேர்ந்து கீழ வரைக்கும் ஒரு விரக்கட அகலத்துக்கு பிளேடால நறுக்குனாரு. மொதல்ல பாயிண்ட் மூடியிருக்கும்போது அதுக்கு நடுவுல கார்டை ரெண்டு இழு இழுத்தாரு, கறுப்பா ஆயில் வந்துச்சு, அதுவும் என் கைவண்ணம்தான். அப்புறம் கேம் முனையில நிறுத்தி, நறுக்குன துண்டோட சுத்தமான முனைய உள்ள விட்டு, லேசா உரசி வெளிய வர்ற அளவுல ஸ்குருவ முறுக்குனாரு. 3000 ஆர்பிஎம்ல இந்தப் பாயிண்ட் ஒரு செகண்டுக்கு நூறு தடவ தெறந்து மூடுமாம். அத ஒரு கல்யாணக் கார்டை வச்சு அளக்குறாரு மனுசன்! அப்புறம் பாயிண்ட்லேர்ந்து பாடிக்கு ஒரு பல்பை மாட்டி, புல்லி மார்க்குக்கு நேரா பல்பு எரியுற எடத்துல டிஸ்ட்ரிபியூட்டரத் திருப்பி டைட் பண்ணுனாரு. பத்து நிமிசம் கூட ஆகல.

பார்வதிபுரம் மேம்பாலத்துல ஒரு தட்டு இல்ல. சுங்கான்கடை, வில்லுக்குறி எல்லாம் வெண்ணெயில போன மாதிரி போச்சு. என்ன, கோவிலுக்குப் போய் சேரும்போது தாலி கட்டி ரொம்ப நேரம் ஆகி, ரெண்டாவது பந்தியில பிரதமன் பாயாசம் ஓடிட்டிருந்துச்சு.

பந்தல் வாசல்லயே மாமா புடிச்சுக்கிட்டாரு. “நல்லா இருக்குக்கா! சொந்த தங்கச்சி மவ கல்யாணத்துக்கு வர்ற நேரமா இது? கார்டுல முகூர்த்த நேரம் போட்டிருக்கா இல்லியா?”

அம்மா பையத் தெறந்து அந்த ஓரம் நறுக்குன கார்டை எடுத்து அவர் மூஞ்சிக்கு நேரா நீட்டுனா. “காலை 9 மணி முதல்னு போட்டிருக்கு. எத்தன மணி வரைக்கும்னு எங்கடே போட்டிருக்கு, காட்டு பாப்போம்.”